ஒளியின் சொற்கேட்கும் உயிரிழைகள்



கயிறு இல்லாத வீடு நம் மாவட்டத்தில் உண்டோ? கிணற்றில் நீர் இறைக்க, ஆட்டைக் கட்ட, துணி உலர்த்த, ஓலையை வரிந்து கட்ட என்று எதற்கும் கயிறு வேண்டும். ஈத்தாமொழித் தேங்காயின் புகழ் ஊரறிந்தது. அந்தத் தேங்காயின் தொண்டிலிருந்து தும்பு எடுத்து, ராட்டில் முறுக்கிக் கயிறு திரிக்கும் தாய்மார் நம் கடலோர ஊர்களில் பலர் உள்ளனர். ஒரு தும்பு இழையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு சாண்கூட நீளம் இல்லை. சற்று இழுத்தால் அறுந்துவிடும். ஆனால் நூற்றுக்கணக்கான இழைகள் சேர்ந்து பிரியாகி, பிரிகள் சேர்ந்து வடமானால் அது தேரையே இழுக்கிறது.

நம் உடலும் இப்படிப்பட்ட இழைகளால் ஆனதுதான் என்றால் வியப்பாக இருக்கும். தோலும் எலும்பும் நரம்பும், ஏன், கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு செல்லும் இழைகளைக் கொண்டே உருவம் பெறுகின்றன. இந்த உயிரிழைகளை வெறும் ஒளியைக் காட்டியே ஒன்று சேர்க்கவும், நகர்த்தவும், கலைக்கவும் அறிஞர்கள் கற்றுக்கொண்டு விட்டார்கள். அது எப்படி என்பதை எங்கள் அறிவியல் மன்றத்தார் படித்தறிந்தபடி, பாடப் புத்தகத்தின் துணை இல்லாதவர்க்கும் விளங்கும் வண்ணம் இங்கே எழுதுகிறோம்.

கிண்டியில் கண்ட முப்பிரிக் கயிறு

உயிரிழைகளின் கதையில் நம் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமைமிக்க இடம் உண்டு. 1952-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தவர் ஜி. என். ராமச்சந்திரன். அப்போது அவருக்கு வயது முப்பதுதான். நம் உடலில் மிக அதிகமாக உள்ள புரதம் கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் உறுதி தருவது அதுவே. அதன் உள்ளமைப்பு எப்படி இருக்கும் என்று அந்நாளில் எவருக்கும் தெரியாது.

சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ராமச்சந்திரனுக்குக் கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அதன்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் படம் எடுத்தார்கள். எக்ஸ் கதிரும் ஒருவகை ஒளியே. நம் கண்ணுக்குத் தெரியாத மிகக் குறுகிய அலை கொண்ட ஒளி. இழையில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால், கதிர் சிதறும்போது படத்தில் புள்ளிகளும் வளைவுகளும் விழும். அவற்றை அளந்து கணக்கிட்டு, ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-லும் 1955-லும் ஒரு முடிவை வெளியிட்டனர். கொலாஜன் என்பது மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிய முப்பிரிக் கயிறு என்பதே அந்த முடிவு.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒவ்வொரு சங்கிலியும் தனியே இடப்பக்கமாக முறுக்கியிருக்கிறது. மூன்றும் சேர்ந்தோ வலப்பக்கமாக முறுக்கிக்கொள்கின்றன. கயிறு திரிக்கும் தாய்மாரிடம் கேட்டுப் பாருங்கள். பிரியை ஒரு பக்கம் முறுக்கி, கயிற்றை எதிர்ப்பக்கம் முறுக்கினால்தான் அது அவிழாமல் நிற்கும் என்பார்கள். பள்ளிக்கூடம் போகாத பாட்டியின் கைக்குத் தெரிந்த கணக்கும், உடல் தன் இழைக்கு வைத்துள்ள கணக்கும் ஒன்றாகவே இருக்கின்றன!

இங்கே ஒளி செய்த வேலை காட்டிக் கொடுப்பது மட்டுமே. இழை எப்படி இருக்கிறது என்று ஒளி சொன்னது, நாம் கேட்டுக்கொண்டோம். நாம் சொல்வதை இழை கேட்கும்படி ஒளியைக் கொண்டே செய்ய முடியுமா? அதற்கு இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

செல்லுக்குள் ஒரு கயிற்றுச் சாலை

நம் உடலின் செல்களில் நுண்குழல் என்னும் இழைகள் உள்ளன. இவை டியூபுலின் என்ற புரத மணிகளைக் கோத்து உண்டானவை. பெரும்பாலும் 13 சரங்கள் பக்கத்தில் பக்கமாக நின்று, நடுவே துளையுள்ள ஒரு குழலாகின்றன. அதன் தடிமன் 25 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கிட்டால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் அகலத்தில் ஏறத்தாழ மூவாயிரம் நுண்குழல்களைப் பக்கத்தில் பக்கமாக அடுக்கலாம்.

டியூபுலினைக் கண்டுபிடிக்க உதவியது எது தெரியுமா? கோல்சிசின் என்னும் நஞ்சு. 1967-ல் அமெரிக்காவில் கேரி போரிசி, எட்வின் டெய்லர் என்னும் இருவர், இந்த நஞ்சு செல்லுக்குள் எதைப் போய்ப் பற்றுகிறது என்று தேடி அந்தப் புரதத்தை அடைந்தனர். அடுத்த ஆண்டு ஜப்பானிய அறிஞர் மோஹ்ரி அதற்கு டியூபுலின் என்று பெயரிட்டார். அதே கோல்சிசின் நம் வேலியோரம் பூக்கும் செங்காந்தளிலும் இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலர் அது. கார்த்திகைப் பூ என்றும், கிழங்கைக் கண்வலிக்கிழங்கு என்றும் சொல்வார்கள். பார்க்க அழகு, ஆனால் உள்ளே சென்றால் உயிருக்கே ஆபத்து. பூவைக் கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும் என்று வீட்டிலுள்ள சிறு பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

நுண்குழலுக்கு இரண்டு பெரிய வேலைகள். முதலாவது, செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களைச் சமமாகப் பங்கிடுவது. அப்போது நுண்குழல்கள் கூடிக் கதிர்கோல் என்னும் அமைப்பாகின்றன. ராட்டில் நூல் சுற்றும் கதிரைப் போல நடுவில் பருத்து இரு முனையும் கூர்ந்திருப்பதால் அப்பெயர். நமக்குரிய குரோமோசோம்கள் 46. பங்கீட்டில் ஒன்று தவறினாலும் விளைவு பெரிது. கருவுக்கு முந்திய செல்லில் 21-ஆம் குரோமோசோம் ஒன்று மிகுந்துபோனால், பிறக்கும் குழந்தைக்கு டவுன் குறைபாடு உண்டாகிறது.

இரண்டாவது வேலை, சாலையாக இருப்பது. முதுகெலும்பிலிருந்து கால் விரல்வரை செல்லும் நரம்புச் செல்லின் நீளம் பெரியவர்களுக்கு ஏறத்தாழ 1 மீட்டர். அதற்கு வேண்டிய சரக்கெல்லாம் செல்லின் உடலில்தான் தயாராகிறது. அங்கிருந்து விரல் நுனிக்குக் கொண்டு செல்ல வழி? நுண்குழலே வழி. ஒரே குழல் அவ்வளவு நீளமும் ஓடுவதில்லை. தும்பு இழைகள் கயிற்றில் ஒன்றன்மேல் ஒன்று தொடர்வதுபோல, குட்டையான பல குழல்கள் தொடர்ந்து ஒரு சாலையாகின்றன.

கணவாய் தந்த செய்தி

சாலை இருந்தால் வண்டி வேண்டுமல்லவா? அந்த வண்டியைக் காட்டித் தந்தது ஒரு கணவாய் மீன். குளச்சலிலும் முட்டத்திலும் சின்னமுட்டத்திலும் கூடையில் வந்து இறங்கும் அதே இனம்தான். கணவாயின் உடலில் மிகப் பருமனான ஒரு நரம்பு இழை உண்டு. சாதாரண நரம்பைவிடப் பல நூறு மடங்கு தடிமனானது. ஆகையால் அதைப் பிரித்தெடுத்து உள்ளே நடப்பதைப் பார்ப்பது எளிது. 1985-ல் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் என்னும் கடற்கரை ஊரில் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர் இப்படி ஆராய்ந்து கைனசின் என்ற புரதத்தைக் கண்டனர்.

கைனசினுக்கு இரண்டு கால்கள் உண்டு எனலாம். நுண்குழலின்மேல் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்து நடக்கிறது. வால் பகுதியில் சரக்கைச் சுமக்கிறது. ஒரு காலடியின் தூரம் 8 நானோமீட்டர். ஒவ்வொரு காலடிக்கும் ஏ.டி.பி. என்னும் எரிபொருள் மூலக்கூறு ஒன்று செலவாகிறது. ஒரு நொடிக்கு ஏறத்தாழ நூறு அடி வைக்கிறது.

கணக்கில் விருப்பமுள்ள தோழியர் இதைப் போட்டுப் பாருங்கள். நுண்குழலை நம் கட்டை விரல் தடிமனுக்கு, அதாவது இரண்டரை சென்டிமீட்டருக்குப் பெரிதாக்கினால் அது பத்து லட்சம் மடங்கு. அந்தக் கணக்கில் 1 மீட்டர் நரம்பு 1,000 கிலோமீட்டராகிவிடும். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குப் போகும் தூரத்தைவிட அதிகம்! அந்தச் சாலையில் 8 மில்லிமீட்டர் காலடி வைத்து நம் சுமைதூக்கி நடக்கிறது. நிற்காமல் நடந்தாலும் சுமார் இரண்டு வாரம் ஆகும்.

கைனசின் செல்லின் நடுவிலிருந்து வெளியே போகிறது. வெளியிலிருந்து உள்ளே வருவதற்கு டைனீன் என்ற வேறொரு வண்டி இருக்கிறது. வடசேரியிலிருந்து புறப்படும் பஸ்ஸும் திரும்பி வரும் பஸ்ஸும் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

மும்பையில் நடந்த கயிறு இழுக்கும் போட்டி

இவ்வளவு சிறிய வண்டியின் பலத்தை அளப்பது எப்படி? அதற்கும் ஒளியே துணை. ஒளிக்குத் தள்ளும் விசை உண்டு. வெயிலில் நிற்கும்போது நமக்குத் தெரியாத அளவு சிறிய விசை அது. ஆனால் லேசர் ஒளியை ஒரு புள்ளியில் குவித்தால், நீரிலுள்ள நுண்ணிய மணியொன்றை அந்தப் புள்ளியிலேயே பிடித்து வைக்க அந்த விசை போதும். அமெரிக்கர் ஆர்தர் ஆஷ்கின் 1970 முதல் இதில் உழைத்து, 1986-ல் ஒற்றைக் கதிராலேயே பிடிக்கும் முறையை நிறைவு செய்தார். ஒளி இடுக்கி என்று அதற்குப் பெயர். 2018-ல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 96.

இந்த இடுக்கியைக் கொண்டு மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ரூப் மல்லிக்கும் அவருடைய மாணவர்களும் கைனசினையும் டைனீனையும் அளந்தார்கள். கண்டது என்ன? கைனசின் தனியாகப் பலசாலி. ஆனால் பலர் சேர்ந்தால் ஒத்துழைப்பது குறைவு. டைனீனோ தனியாக மிகவும் நோஞ்சான். ஆனால் கூட்டமாகச் சேர்ந்தால் சுமையைப் பங்கிட்டுக்கொண்டு, பாரம் கூடக்கூடக் குறுகிய அடி வைத்து, விடாமல் இழுக்கிறது. 2013-ல் இந்த ஆய்வு வெளியாயிற்று. ரூப் மல்லிக்குக்கு 2018-ல் இன்போசிஸ் பரிசு கிடைத்தது.

விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கும்போது நாம் கண்டதும் இதுதானே? பலசாலிகள் நால்வர் தனித்தனியே இழுக்கும் அணி, ஒரே மூச்சில் இழுக்கும் மெலிந்த அணியிடம் தோற்றுப் போவதைப் பார்த்திருக்கிறோம்.

ஓட்ஸ் செடியிடம் கடன் வாங்கிய கண்

இனி நம் தலைப்புக்கு வருவோம். நுண்குழல் என்னும் கயிறு இருக்கிறது. கைனசின் என்னும் இழுப்போன் இருக்கிறான். இரண்டையும் கண்ணாடித் தட்டில் ஒரு துளி நீரில் போட்டு ஏ.டி.பி. கொடுத்தால் என்ன நடக்கும்? 1997-ல் நெடலெக், சரே, லீப்லர் முதலியோர் செய்து பார்த்தனர். கைனசின்களை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால், சிதறிக் கிடந்த குழல்கள் தாமாகவே நட்சத்திரம் போலவும் சுழல் போலவும் கூடின. மேஸ்திரி இல்லாமலே கட்டடம் எழுந்தது!

இது எப்படி நேர்கிறது என்பதற்கு ஓர் உவமை சொல்கிறோம். குளத்தில் இரண்டு மரத்தடிகள் மிதக்கின்றன. ஒவ்வொரு தடியின் ஒரு முனையில் மட்டும் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெண் நிற்கிறாள். தன் தடியின் சிவப்பு முனையை நோக்கி மட்டுமே நடக்க வேண்டும் என்பது விதி. இருவரும் கைகோக்காமல் நடந்தால் அவரவர் தடியின் முனைவரை போய் நின்றுவிடுவார்கள், தடிகளுக்குள் உறவில்லை. இருவரும் கையை இறுகப் பற்றிக்கொண்டு நடந்தால்? காலடியில் தடிகள் நழுவி நழுவி, கடைசியில் இரண்டு சிவப்பு முனைகளும் கோத்த கைகளுக்குக் கீழே வந்து சேரும். இரண்டு தடிகளுக்குப் பதில் ஆயிரம் தடிகள் என்று எண்ணிப் பாருங்கள். எல்லாச் சிவப்பு முனைகளும் நடுவே கூடும். மறு முனைகள் நாலாபுறமும் நீட்டி நிற்கும். அதுவே நட்சத்திரம்.

ஆகவே எல்லாம் கைகோப்பதில் இருக்கிறது. கை எப்போது கோக்க வேண்டும், எங்கே கோக்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க முடிந்தால் கட்டடம் நம் சொற்படி எழும். கைனசினுக்குக் காது இல்லை; கட்டளை எப்படிக் கொடுப்பது? ஒளியை உணரும் உறுப்பை எங்கிருந்தாவது வாங்கிப் பொருத்த வேண்டும்.

அந்த உறுப்பு செடிகளிடம் இருக்கிறது. சன்னலோரம் வைத்த நாற்று வெளிச்சத்தை நோக்கி வளைவதை நாம் அறிவோம். சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் 1880-லேயே இதை ஆராய்ந்து, வெளிச்சத்தை உணர்வது முளையின் நுனியே என்று எழுதினர். நூறாண்டுக்குப் பின் வின்ஸ்லோ பிரிக்ஸ் என்பவரின் குழுவினர் அப்படி உணரும் புரதத்தைக் கண்டறிந்தனர். அதற்குப் போட்டோட்ரோபின் என்று பெயர். பாலில் உள்ள பி2 வைட்டமினைச் சேர்ந்த ஒரு பொருள் அதனுள்ளே அமர்ந்திருக்கிறது. நீல ஒளி பட்டதும் அப்பொருள் பக்கத்திலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. உடனே மடிந்து கிடந்த ஒரு சிறு கை விரிகிறது. இருட்டானால் கை மறுபடி மடிகிறது. காலையில் மலர்ந்து பிறகு குவியும் நம் குளத்துத் தாமரையை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஓட்ஸ் செடியிலிருந்து இந்தப் பகுதியை எடுத்து, அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பிரயன் குல்மனின் குழுவினர் 2015-ல் ஒரு இணைப்புக் கொக்கியாக்கினர். கொக்கியின் ஒரு பாதி ஓட்ஸ் புரதம். மறு பாதி குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவின் புரதம். நீல ஒளியில் இரண்டும் கோத்துக்கொள்ளும், இருட்டில் விட்டுவிடும்.

நட்சத்திரங்களை நடத்திச் சென்ற ஒளி

இந்தக் கொக்கியை எடுத்துக் கைனசினின் வாலில் மாட்டியவர்கள் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டைலர் ராஸ், ஹியூன் ஜின் லீ, ரேச்சல் பேங்க்ஸ், ராப் பிலிப்ஸ், மேட் தாம்சன் முதலியோர். அவர்களின் ஆய்வு 2019 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வெளிவந்தது.

கண்ணாடித் தட்டில் நுண்குழல்களும், கொக்கி மாட்டிய கைனசின்களும், ஏ.டி.பி.யும் கலந்த நீர். இருட்டில் ஒன்றும் நிகழவில்லை. ஒவ்வொரு கைனசினும் தன்பாட்டுக்கு நடந்தது. படம் காட்டும் கருவி போன்ற ஒன்றினால் அந்த நீரில் வட்டமான நீல வெளிச்சத்தைப் பாய்ச்சினார்கள். வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் கைகள் கோத்தன. குழல்கள் உள்நோக்கி ஓடிக் கூடி நட்சத்திரமாயின. வட்டத்துக்கு வெளியே எந்தச் சலனமும் இல்லை. பெரிய வட்டம் காட்டினால் பெரிய நட்சத்திரம். சிறிய வட்டம் காட்டினால் சிறியது.

வெளிச்சத்தை மெல்ல நகர்த்தினார்கள். நட்சத்திரமும் பின்தொடர்ந்து நகர்ந்தது. இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே ஒளியால் ஒரு கோடு இழுத்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று இழுத்து ஒன்றாகிவிட்டன. விளக்கை அணைத்தார்கள், கட்டடம் சிறிது சிறிதாகக் கலைந்தது. இழைகள் ஓடும்போது சுற்றியுள்ள நீரும் ஓடியது. ஒளியின் வடிவத்தை மாற்றி அந்த நீரோட்டத்தையும் விரும்பிய திசையில் செலுத்த முடிந்தது. மோட்டாரும் குழாயும் இல்லாமல், வரைந்த வெளிச்சத்தால் நீரைப் பாயச் செய்தார்கள்!

தாமாக இயங்கும் சிறு பொருள்கள் கூட்டமாகும்போது எப்படி நடக்கும் என்று கணிதத்தால் ஆராய்வதில் நம் நாட்டவர் முன்னணியில் நிற்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஸ்ரீராம் ராமசாமியும் ஆர். அதிதி சிம்ஹாவும் 2002-ல், தாமே நீந்தும் பொருள்கள் நீரில் நெடுந்தூரம் ஒரே திசையில் ஒழுங்காக நிற்க முடியாது, அந்த ஒழுங்கு தானே குலையும் என்று கணக்கிட்டுக் காட்டினர். இயங்கு பொருள் என்று பெயர் பெற்றுள்ள இத்துறையில் அது உலகெங்கும் படிக்கப்படும் ஆய்வாகும்.

பலம் வேறு, கட்டளை வேறு

ஒரு கேள்வியை இங்கே தெளிவாக்கிக்கொள்வோம். இழைகளை இழுத்தது ஒளியா? இல்லை. ஒளி இடுக்கியில் ஒளியே பிடிக்கிறது. ஒளியின் விசையே வேலை செய்கிறது. இங்கோ இழுத்தது கைனசின். அதற்குப் பலம் தந்தது ஏ.டி.பி. ஒளி செய்தது கட்டளையிட்டது மட்டுமே. பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதுகிறார், பஸ் நிற்கிறது. விசிலின் காற்றா பஸ்ஸை நிறுத்தியது? ஆற்றலையும் அடையாளத்தையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது விஞ்ஞானம் படிக்கும் நமக்கு முதல் பாடம்.

இதனால் யாருக்கு என்ன பயன்?

"கண்ணாடித் தட்டில் நட்சத்திரம் செய்து என்ன ஆகப்போகிறது?" என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை நம் வீட்டு முற்றத்திலேயே பூத்திருக்கிறது.

நித்தியகல்யாணிச் செடியை அறியாதவர் இல்லை. அதன் சாற்றிலிருந்து கனடா நாட்டு அறிஞர்களும் அமெரிக்க மருந்து நிறுவனத்தாரும் 1950-களின் இறுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்னும் இரு மருந்துகளைப் பிரித்தெடுத்தனர். இவை டியூபுலினைப் பற்றிக்கொண்டு நுண்குழல் உருவாகாமல் தடுக்கின்றன. நுண்குழல் இல்லையேல் கதிர்கோல் இல்லை; கதிர்கோல் இல்லையேல் செல் பிரிய முடியாது. கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றுநோய்ச் செல்கள் இதனால் மடிகின்றன. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் ஒரு காலத்தில் மரணத் தீர்ப்பாகவே இருந்தது. இன்று வின்கிறிஸ்டினோடு வேறு மருந்துகளும் சேர்த்து முறையாகச் சிகிச்சை தரும் நல்ல மருத்துவமனைகளில் பத்தில் எட்டுக் குழந்தைகளுக்கு மேல் பிழைக்கிறார்கள்.

ஆனால் மருந்துக்கு நல்ல செல் எது, கெட்ட செல் எது என்று பார்க்கத் தெரியாது. நரம்புக்குள்ளும் நுண்குழல் சாலை இருக்கிறதே! அதையும் மருந்து தாக்குகிறது. ஆகையால் சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்குக் கை கால் விரல்கள் மரத்துப் போகின்றன. சட்டைப் பொத்தான் போடவும், பேனா பிடிக்கவும்கூடச் சிரமப்படுகிறார்கள். மிக நீளமான சாலை விரல் நுனிக்குப் போகும் சாலைதான் என்று மேலே படித்தோம். அதனால் முதலில் பழுதாவதும் அதுவே. உயிரைக் காக்கும் மருந்தே விரலின் உணர்வைக் கொண்டுபோகிறது. வேண்டிய இடத்தில் மட்டும் வேலை செய்யும்படி மருந்துக்குக் கட்டளையிட முடிந்தால் எவ்வளவு நல்லது!

அந்த வழியிலும் ஒளி முதல் அடி வைத்துள்ளது. ஜெர்மனியில் மியூனிக் நகர அறிஞர்கள் 2015-ல் நீல ஒளி பட்டால் மட்டும் நுண்குழலைத் தடுக்கும், இருட்டில் சும்மா இருக்கும் மருந்துப் பொருள்களைச் செய்து காட்டினர். ஆய்வுக்கூடத்துச் செல்களில் ஒரு செல்லை மட்டும் நிறுத்தி, பக்கத்துச் செல்லை விட்டுவிட அவர்களால் முடிந்தது. நீல ஒளி தசைக்குள் ஆழமாகப் புகாது என்பது பெரிய தடை. கலிபோர்னியாவின் நட்சத்திரமும் சரி, மியூனிக்கின் மருந்தும் சரி, நோயாளியின் படுக்கையருகே வர நெடுந்தூரம் உண்டு. நாளைக்கே அற்புதம் நடக்கும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் கதிர்கோல் எப்படிக் கூடுகிறது, ஏன் சில வேளை தவறாகக் கூடுகிறது என்று தெரியாமல் அதைத் திருத்த முடியாதல்லவா? தட்டிலே கட்டிப் பார்ப்பது அதற்காகத்தான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நித்தியகல்யாணியில் மருந்து இருக்கிறது என்பதால் அதன் இலையையோ பூவையோ வீட்டில் அரைத்துக் குடிக்கக் கூடாது. அளவு தெரியாமல் உட்கொண்டால் அது நஞ்சு. மருந்தை மருத்துவர் கையாலேயே பெற வேண்டும்.

செய்து பாருங்கள்

ஒளியின் கட்டளையை வீட்டிலேயே காணலாம். பழைய செருப்புப் பெட்டிகள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் ஒரு பக்கத்திலும் ஒரு ரூபாய் நாணய அளவு துளை போடுங்கள். முதல் துளையைத் திறந்து விடுங்கள். இரண்டாவதை நீலக் கண்ணாடித் தாளாலும், மூன்றாவதைச் சிவப்புக் கண்ணாடித் தாளாலும் இரண்டு மடிப்பாக மூடி ஒட்டுங்கள். சிரட்டை மூன்றில் ஈர மண்ணிட்டு முளைகட்டிய சிறுபயறு ஊன்றி, பெட்டிக்குள் ஒவ்வொன்றாக வைத்து மூடுங்கள். துளைகள் மூன்றும் சன்னலை நோக்கி இருக்கட்டும். வேறு இடுக்கு வழியாக வெளிச்சம் புகக் கூடாது.

நான்கு நாள் கழித்துத் திறந்தால், திறந்த துளையுள்ள பெட்டியிலும் நீலத்தாள் பெட்டியிலும் நாற்று துளையை நோக்கி வளைந்திருக்கும். சிவப்புத்தாள் பெட்டியில் பெரும்பாலும் நேராக நிற்கும். கைனசினுக்குக் கட்டளை கொடுத்த அதே வகைப் புரதம்தான் உங்கள் பயறு நாற்றையும் வளைத்தது.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. சிவப்புத்தாள் பெட்டிக்குள்ளும் வெளிச்சம் போகிறது. பிறகு ஏன் நாற்று வளையவில்லை?

2. ஏ.டி.பி. தீர்ந்துபோன நீரில் நீல ஒளியைப் பாய்ச்சினால் நட்சத்திரம் உண்டாகுமா? ஏன்?

3. கைனசினுக்குப் பதில், குழலின் மறுமுனையை நோக்கி நடக்கும் டைனீனுக்கு இந்தக் கொக்கியை மாட்டினால் நட்சத்திரத்தின் நடுவில் எந்த முனைகள் கூடும்?

விடைகளை வகுப்பில் தோழியருடன் பேசிக் கண்டுபிடியுங்கள். மேலே படித்தவற்றிலேயே விடை இருக்கிறது.

தோழியரே! கங்காருவின் வால், கணவாயின் நரம்பு, ஓட்ஸ் முளை, பாக்டீரியா, செங்காந்தள், நித்தியகல்யாணி என்று யாரும் பெரிதாக எண்ணாத பொருள்கள் எத்தனை இக்கதையில் வந்தன பார்த்தீர்களா? ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் பொறுமையாக உற்றுப் பார்த்தார். அடுத்தவர் அங்கிருந்து தொடர்ந்தார். மேல்நிலை வகுப்பில் என்ன பாடம் எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் தங்கையர், உயிரியலா இயற்பியலா என்று திகைக்க வேண்டாம். இன்றைய பெரும் வினாக்கள் இரண்டையும் சேர்த்துக் கேட்கின்றன. விரல் மரத்துப்போகாமல் ஒரு குழந்தையைக் குணப்படுத்தும் வழியை இன்னும் எவரும் கண்டுபிடித்துவிடவில்லை. அந்த இடம் காலியாகவே இருக்கிறது. நம் வகுப்பறைகளில் இருந்து ஒருத்தி அங்கே போய்ச் சேரட்டும்.